கசகசாப் பூவும் நம் வீட்டுப் பெயர்களும்



கசகசா இல்லாத அஞ்சறைப் பெட்டியை நம் வீடுகளில் காண்பது அரிது. தீபாவளிக்கு ஆட்டுக்கறிக் குருமா வைக்கும்போது, தேங்காயோடும் சோம்போடும் ஒரு கரண்டி கசகசாவையும் சேர்த்து அரைப்பது நம் பெண்களுக்குப் பழகிப்போன கை வேலை. ஆனால் கடுகைவிடச் சிறிய அந்த வெள்ளை விதை எந்தச் செடியில் விளைகிறது, அதன் பூ எப்படி இருக்கும் என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்? என் வகுப்பில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் இதைக் கேட்டேன். "கடையில காய்க்குது, டீச்சர்" என்றான் ஒரு பையன். வகுப்பே சிரித்தது, நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்தப் பிள்ளை சொன்னதில் தவறில்லை. நம் வெயிலில் அந்தச் செடி வளராது. அது குளிர் காலத்தை விரும்பும் செடி. வெள்ளைக்காரர்கள் அதைப் பாப்பி என்பார்கள். பாப்பியில் பல வகை உண்டு. கசகசாவைக் கொடுக்கும் வகையின் பச்சைக் காயைக் கீறினால் வெண்மையான பால் வடியும். அந்தப் பால் காய்ந்தால் அபின். நம்மவர்கள் ரப்பர் மரத்தில் கோடு போட்டுப் பால் எடுப்பதைப் போலத்தான் அங்கும் வேலை நடக்கிறது. மாலையில் காயின்மேல் கோடு கீறிவிட்டு, மறுநாள் காலையில் வடிந்து உறைந்திருப்பதை வழித்தெடுக்கிறார்கள். இந்தியாவில் மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசாங்க உரிமம் பெற்ற விவசாயிகள், வலி போக்கும் மருந்து செய்வதற்காக இன்றும் இதைப் பயிரிடுகிறார்கள்.

கசகசா விதையில் அந்த மயக்கச் சத்து மிகமிகச் சொற்பம். குருமா சாப்பிட்டு எவரும் மயங்கியதில்லை. இருந்தாலும் சிங்கப்பூர் அரசாங்கம் கசகசாவைத் தடை செய்யப்பட்ட பொருள்களில் சேர்த்திருக்கிறது. தேக்கா மளிகைக் கடைகளில் ஏலக்காய் கிடைக்கும், கிராம்பு கிடைக்கும், கசகசா கிடைக்காது. அங்குள்ள பெண்கள் முந்திரிப் பருப்பை அரைத்துக் குருமாவைக் கெட்டியாக்கிக் கொள்கிறார்கள். ஜோகூரிலிருந்து பாலம் கடந்து உறவினர் வீட்டுக்குப் போகும் தாய்மார்களே, பாசத்தோடு கட்டும் மசாலைப் பொட்டலத்தில் கசகசா மட்டும் வேண்டாம்.

கசகசாவுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. அது ஐரோப்பாவில் கோதுமை வயல்களில் களையாக முளைக்கும் சிவப்புப் பாப்பி. நான்கே இதழ்கள். காகிதம் போல மெல்லியவை. நடுவில் கறுப்பு. காலையில் மலர்ந்தால் ஓரிரு நாளில் இதழ்கள் உதிர்ந்துவிடும். இங்கிலாந்தில் ஷெர்லி என்ற ஊரில் பாதிரியாராக இருந்த வில்லியம் வில்க்ஸ் என்பவர், 1880-ஆம் ஆண்டு வாக்கில் தம் தோட்டத்து மூலையில் வெள்ளை ஓரம் கொண்ட ஒரே ஒரு காட்டுப் பாப்பியைக் கண்டார். அதன் விதையை எடுத்து ஆண்டுக்கு ஆண்டு பொறுக்கி விதைத்து, வெள்ளை, இளஞ்சிவப்பு, இரு நிறம் கலந்தது என்று பல அழகிய வகைகளை உண்டாக்கினார். வயலில் களையாக இருந்தது வீட்டுத் தோட்டத்தில் பூஞ்செடியானது இப்படித்தான். இதை நாற்றுப் பிடுங்கி நட்டால் பிழைக்காது. விதையை மண்ணில் தூவி அங்கேயே வளர விட வேண்டும்.

இந்தச் செடியின் விதையில் ஒரு விந்தை இருக்கிறது. ஒரு செடி ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கும். அவை எல்லாம் உடனே முளைப்பதில்லை. மண்ணுக்குள் புதைந்து பல பத்தாண்டுகள்கூட உறங்கிக் கிடக்கும். என்றைக்கு மண் கிளறப்பட்டு விதைமேல் வெளிச்சம் படுகிறதோ, அன்றைக்கு முளைக்கும். இந்த ஒரு செய்தியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இனிமேல் நான் சொல்லப் போவதெல்லாம் இதைச் சார்ந்ததுதான்.

1914-ஆம் ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. பெல்ஜியத்திலும் பிரான்சிலும் வயல்கள் எல்லாம் பதுங்குகுழிகளாக வெட்டப்பட்டன. பீரங்கிக் குண்டுகள் மண்ணைப் புரட்டிப் போட்டன. மரம் இல்லை, பயிர் இல்லை. ஆனால் புரண்ட மண்ணிலிருந்தும், புதிதாக மூடிய சவக்குழிகளின் மேலும் சிவப்புப் பாப்பிகள் கூட்டம் கூட்டமாக முளைத்தன. 1915 மே மாதத்தில் ஜான் மெக்ரே என்ற கனடா நாட்டு இராணுவ மருத்துவர், போரில் இறந்த தம் நண்பரைப் புதைத்த துயரத்தில், அந்தப் பூக்களை வைத்து ஒரு கவிதை எழுதினார். அது உலகெங்கும் பரவியது. 1918 நவம்பரில், போர் நிற்பதற்கு இரண்டே நாள் இருக்கையில், அதைப் படித்து மனம் உருகிய அமெரிக்கப் பெண்மணி ஒருவர், இனி என்றும் சிவப்புப் பாப்பி அணிந்து இறந்தவர்களை நினைப்பேன் என்று உறுதி பூண்டார். அவர் பெயர் மொய்னா மைக்கேல். அவர் ஓர் ஆசிரியை என்பதை எழுதும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருக்கிறது.

பிரான்சைச் சேர்ந்த அன்னா கெரன் என்ற அம்மையார், போரில் சீரழிந்த ஊர்களின் பெண்களைக் கொண்டு துணிப் பாப்பிகள் செய்வித்து, விற்ற பணத்தை அவ்வூர்களின் பிள்ளைகளுக்கு உதவச் செய்தார். 1921 நவம்பர் 11-இல் பிரிட்டனில் முதன்முதலாகப் பாப்பி நாள் கொண்டாடப்பட்டது. மறு ஆண்டே உடல் ஊனமுற்ற முன்னாள் வீரர்கள் வேலை செய்யும் பாப்பித் தொழிற்சாலை லண்டனில் தொடங்கியது. 1920-களிலேயே இந்த வழக்கம் ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்த சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் வந்துவிட்டது. பாப்பி வளராத நாட்டில் காகிதப் பாப்பி மலர்ந்தது.

இன்றும் நவம்பர் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு நினைவு ஞாயிறு எனப்படுகிறது. 2023-ஆம் ஆண்டில் அந்த ஞாயிறும் நம் தீபாவளியும் ஒரே நாளில், நவம்பர் 12-ஆம் தேதி வந்தன. அந்த வாரத்தில் நான் உட்லண்ட்ஸில் இருக்கும் என் தங்கை வீட்டில் இருந்தேன். பண்டிகை முடிந்து இரண்டு நாள் ஆகியும் சிராங்கூன் சாலையில் விளக்கு அலங்காரங்கள் இறக்கப்படவில்லை. கேம்பல் லேன் பூக்கடைகளில் மல்லிகையும் செண்டுமல்லியும் சரம் சரமாகத் தொங்கின. அந்தத் தெருக்களும் போரைக் கண்டவைதாம். ஜப்பான்காரன் குண்டு போட்ட நாள்களில் வீரமாகாளியம்மன் கோயிலில் மக்கள் அடைக்கலம் புகுந்தார்கள் என்றும், கோயிலுக்கு ஒரு சேதமும் இல்லை என்றும் இன்றும் சொல்வார்கள். நான் ஒரு கடையில் செண்டுமல்லிச் சரம் கேட்டேன்.

"சாமிக்காம்மா?" என்றார் பூ கட்டிக்கொண்டிருந்த பெரியவர்.

"இல்லண்ணே. சண்டையில செத்தவங்களுக்கு. கிராஞ்சிக்குப் போறேன். வெள்ளைக்காரங்க சிவப்புப் பூ வைப்பாங்க. நமக்கு எது சரின்னு தெரியல."

"எந்தப் பூவா இருந்தா என்னம்மா? பேரைச் சொல்லிப் போடுங்க" என்றார் அவர், கையிலிருந்த நாரை விடாமலேயே.

செண்டுமல்லியை நான் கேட்டதற்குக் காரணம் உண்டு. உலகப் போர்களில் உயிர் நீத்த இந்திய வீரர்களை நினைக்கச் செண்டுமல்லியே ஏற்ற மலர் என்று அண்மைக் காலத்தில் இந்தியாவில் சிலர் எடுத்துச் சொல்லி வருகிறார்கள். முதல் போரில் மட்டும் பதின்மூன்று இலட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் பணியாற்றினார்கள். ஏறத்தாழ 74,000 பேர் மாண்டார்கள். 2018-ஆம் ஆண்டில், அந்தப் போர் முடிந்த நூற்றாண்டை ஒட்டி, அவர்கள் நினைவாகக் கதர்த் துணியில் பாப்பி செய்து பிரிட்டனில் அணிந்தார்கள்.

கிராஞ்சி போர் நினைவிடம் ஜோகூர் பாலத்துக்கு அருகில்தான் இருக்கிறது, கிராஞ்சி எம்.ஆர்.டி. நிலையத்தில் இறங்கி நடந்துவிடலாம். 1957 மார்ச் 2-ஆம் தேதி திறக்கப்பட்டது. பச்சைப் புல் மேட்டில் ஒரே அளவான கல்லறைக் கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 4,400-க்கும் மேற்பட்டவர்கள் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். அவர்களில் 850-க்கும் அதிகமானவர்கள் யார் என்று அடையாளம் தெரியாதவர்கள். மேட்டின் உச்சியில் விமானத்தின் இறக்கை போல ஒரு கட்டடம். அதன் சுவர்களில், உடல் கிடைக்காமல் போன 24,000-க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. ஆங்கிலேயர், ஆஸ்திரேலியர், மலாய்க்காரர், இந்தியச் சிப்பாய்கள் என்று எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். பின்புறம் தனியாக ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. தங்கள் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட ஏறத்தாழ 800 பேருக்கானது அது; பெரும்பாலோர் இந்தியப் படையினர். எரித்த உடலுக்குக் கல்லறை ஏது? ஆனாலும் பெயர் இருக்கிறது. நான் என் செண்டுமல்லிச் சரத்தை அங்கேதான் வைத்தேன். பூக்கடைப் பெரியவர் சொன்னபடி, கண்ணில் பட்ட பெயர்களை வாய்விட்டுப் படித்தேன். அருகில் காகிதப் பாப்பிகள் செருகிய மலர் வளையங்கள் வெயிலில் நிறம் மங்காமல் கிடந்தன.

இறந்தவர் ஒவ்வொருவருக்கும் பதவி, இனம், சமயம் பாராமல் ஒரே மாதிரி மரியாதை என்பது 1917-இல் அமைக்கப்பட்ட போர்க் கல்லறை ஆணையத்தின் கொள்கை. கொள்கை நல்லதுதான். ஆனால் முதல் போரில் இறந்த ஆப்பிரிக்கரும் இந்தியரும் பல்லாயிரம் பேர் பெயரின்றியோ சமமின்றியோ விடப்பட்டார்கள். 2021-ஆம் ஆண்டில் அந்த ஆணையமே இதை ஆராய்ந்து வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. நூறாண்டு கழித்தும் விட்டுப்போன பெயரைத் தேடலாம் என்பதற்கு இது ஒரு சான்று.

சிங்கப்பூர் நகருக்குள் வந்தால் எஸ்பிளனேட் பூங்காவில் சில அடி தூரத்துக்குள் நினைவுச் சின்னங்கள் பல. முதல் போரில் இறந்த 124 பேரின் பெயர் தாங்கிய கல் மண்டபத்துக்கு 1920-இல் அடிக்கல் நாட்டினார்கள். 1922 மார்ச் 31-இல் இங்கிலாந்து இளவரசர் அதைத் திறந்து வைத்தார். பின்னால் இரண்டாம் போரில் இறந்தவர்களுக்கும் அதிலேயே இடம் தரப்பட்டது. அங்கே நான்கு மொழிகளில் வாசகம் இருக்கிறது. நம் தமிழும் உண்டு.

அதே பூங்காவில் இந்திய தேசிய இராணுவத்தின் நினைவாக ஒரு சின்னம். நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் 1945 ஜூலை 8-இல் அங்கே அடிக்கல் நாட்டினார். செப்டம்பரில் திரும்பி வந்த ஆங்கிலேயப் படை அதை வெடி வைத்துத் தகர்த்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1995-இல், அந்த இடத்தில் சிங்கப்பூர் அரசு ஒரு குறிப்புக் கல் நிறுவியது. அந்தப் படையில் நம் தோட்டத்து ஆண்கள் மட்டுமல்ல, ஜான்சி ராணிப் படையில் நம் தோட்டத்துப் பெண்களும் சேர்ந்திருந்தார்கள் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள்.

சாலையைக் கடந்தால் பீச் ரோடு பக்கத்தில் வானளாவ நிற்கும் நான்கு வெள்ளைத் தூண்கள். ஜப்பானியர் ஆட்சியில் மடிந்த பொதுமக்களுக்காக 1967 பிப்ரவரி 15-இல் பிரதமர் லீ குவான் இயூ திறந்து வைத்தது. நான்கு தூண்களும் சீனர், மலாய்க்காரர், இந்தியர், பிறர் என்ற நான்கு இனத்தாரையும் குறிக்கும். 1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்த நாளும் பிப்ரவரி 15 தான். ஆண்டுதோறும் அந்நாளில் அங்கே மலரஞ்சலி நடக்கிறது.

பாசிர் பாஞ்சாங் பக்கம் புக்கிட் சண்டு என்று ஒரு குன்று உண்டு. சண்டு என்றால் காய்ச்சிப் புகைக்கப் பக்குவம் செய்த அபின். இந்தியாவில் விளைந்த அபினைக் காய்ச்சி விற்க அன்றைய அரசாங்கமே குன்றின் அடிவாரத்தில் தொழிற்சாலை வைத்திருந்தது. தோட்டத்தில் நம்மவருக்குக் கள்ளுக்கடை எப்படியோ, துறைமுகத்தில் மூட்டை தூக்கிய சீனக் கூலிக்குச் சண்டுக் கடை அப்படி. உடல் வலி தெரியாமல் உழைத்தார்கள். உழைத்த காசு மறுபடியும் அரசாங்கத்துக்கே போயிற்று. 1942 பிப்ரவரி 14-ஆம் தேதி, சிங்கப்பூர் வீழ்வதற்கு முந்திய நாள், அந்தக் குன்றில்தான் லெப்டினன்ட் அட்னான் சைடி தலைமையில் மலாய்ப் படை வீரர்கள் கடைசி வரை நின்று போராடி மாண்டார்கள். 2002-இல் அங்கே ஒரு நினைவகம் திறக்கப்பட்டது. கசகசாச் செடி பெயர் கொடுத்த குன்றிலும் போரின் நினைவுதான் நிற்கிறது.

இவ்வளவையும் பார்த்துவிட்டு நடந்து வரும்போது என் மனத்தில் ஒன்று உறுத்தியது. வீரனுக்குப் பாப்பி இருக்கிறது. சுவரில் பெயர் இருக்கிறது. நகரத்து மக்களுக்கு நான்கு தூண் இருக்கிறது. சயாமுக்குப் போன நம் தோட்டத்து மக்களுக்கு என்ன இருக்கிறது?

சயாம் மரண ரயிலைப் பற்றி நான் உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனையும் இணைந்தன. போர்க் கைதிகள் அறுபதாயிரம் பேருக்கு மேல் அதில் வேலை வாங்கப்பட்டு, பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு இலட்சத்துக்கும் அதிகம். மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர்களை முதலில் ஆசை காட்டியும் பின்பு லாரியில் வலுக்கட்டாயமாக ஏற்றியும் கொண்டுபோனார்கள். வாந்திபேதி, மலேரியா, பட்டினி. இறந்த ஆசியத் தொழிலாளர்கள் தொண்ணூறாயிரம் பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் தனித்தனியாக இருக்கின்றன. நம்மவருக்குத் தனிக் கல்லறை இல்லை.

ஏன் இந்த வேறுபாடு? பட்டாளத்தில் ஒவ்வொருவனுக்கும் எண் உண்டு, ஏடு உண்டு. செத்தவனைக் கணக்கில் எழுத ஓர் அதிகாரி உண்டு. சிறைப்பட்ட முகாமிலும் அவர்கள் இரகசியமாகப் பட்டியல் எழுதி வைத்தார்கள். நம்மவர் பெயரோ தோட்டத்துச் செக்ரோலில்தான் இருந்தது. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் கிராணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயர் சொன்னால்தான் வேலை, வேலை செய்தால்தான் கூலி. உழைப்பதற்காக நாள்தோறும் கூப்பிடப்பட்ட பெயரை, காட்டில் மாண்டபின் கூப்பிட ஒருவர் இல்லை.

2023 மே மாதத்தில், மலேசியத் தமிழர்கள் சிலரின் முயற்சியால், காஞ்சனபுரியில் ஒரு புத்த கோயிலில் அந்தத் தமிழ்த் தொழிலாளர்களுக்காக நடுகல் எழுப்பப்பட்டது. நடுகல் என்பது நம் பழந்தமிழர் வழக்கம். மாண்ட வீரனுக்குக் கல் நட்டு, அவன் பெயரைப் பொறித்து, பூவும் மயிற்பீலியும் சூட்டுவார்கள். பாப்பி பிறப்பதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நமக்குக் கல்லும் இருந்தது, பூவும் இருந்தது. ஆனால் இந்தக் கல்லில் எல்லாப் பெயரையும் பொறிக்க வேண்டுமானால், பெயரை யார் தருவது?

என் பாட்டியின் அண்ணன் சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. எங்கள் வீட்டில் இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் பெயர் என்னவென்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. பேச்சு வந்தால் "சயாமுக்குப் போன மாமா" என்பார்கள், அவ்வளவுதான். பாட்டி காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பாட்டியின் தங்கை, எங்கள் சின்னப் பாட்டி, தொண்ணூறை நெருங்கிய வயதில் குளுவாங் பக்கம் மகன் வீட்டில் இருந்தார். சிங்கப்பூரிலிருந்து திரும்பும் வழியில் அவரைப் போய்ப் பார்த்தேன். பெயரைச் சொல்லிப் பூப்போடச் சொன்ன பூக்கடைக்காரர் பேச்சு என் மனத்தில் இருந்தது. நேராகவே கேட்டேன்.

"சின்னப் பாட்டி, சயாமுக்குப் போன உங்க அண்ணன் பேரு என்ன?"

அவர் சற்று நேரம் என்னையே பார்த்தார். பிறகு, "அண்ணன் பேரை நாங்க எப்படிடி சொல்றது? மூத்தவங்க பேரைச் சொல்லக் கூடாது" என்றார். அதுவும் சரிதானே? தங்கைகள் அண்ணா என்றார்கள். பிள்ளைகள் மாமா என்றார்கள். பெயரை வாயால் சொல்ல உரிமையுள்ள பெற்றவர்களும் பெரியவர்களும் முன்னமே போய்விட்டார்கள். மரியாதையே அந்தப் பெயரை மூடி வைத்துவிட்டது.

"சொன்னாத்தானே பாட்டி எழுதி வைக்க முடியும்" என்றேன்.

"எழுதி வைக்கிறதுக்கு என்ன இருக்கு? உன் அடையாளக் கார்டுல இருக்கே" என்றார். எனக்கு விளங்கவில்லை. "உங்கப்பன் பேருதான். சண்டை முடிஞ்சு நாலு வருசம் காத்திருந்தா எங்க அக்கா. அண்ணன் வரல. உங்கப்பன் பொறந்ததும் அவளேதான் அந்தப் பேரை வச்சா. அண்ணனைப் பேர் சொல்லிக் கூப்பிட முடியாது, மகனைக் கூப்பிடலாமில்லன்னு சொன்னா. பொழுது சாஞ்சா வாசல்ல நின்னு அந்தப் பேரைச் சத்தமா கூப்பிடுவா. லயமே கேக்கும்."

அடையாளக் கார்டில் என் பெயருக்குப் பின்னால் 'அனாக் பெரெம்புவான்' என்று போட்டு என் அப்பாவின் பெயர் இருக்கிறது. பள்ளிச் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. நான் படித்து வாங்கிய ஆசிரியர் சான்றிதழிலும் இருக்கிறது. எந்தச் சுவரிலும் செதுக்கப்படாத ஒரு மனிதரின் பெயரை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் சுமந்து வந்திருக்கிறேன். எங்கள் பாட்டி எழுதப் படிக்கத் தெரியாதவர். அவருக்குத் தெரிந்த நினைவுச் சின்னம் அதுதான்.

வாசகர்களே, இது என் வீட்டுக் கதை மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். இறந்த பெரியவரின் பெயரைப் பிறந்த பிள்ளைக்கு வைப்பது நம்மிடையே வழிவழியாக வரும் பழக்கம். வெள்ளைக்காரர் சட்டையில் பாப்பி குத்துகிறார்கள் என்றால், நாம் பிள்ளையின் பெயரில் குத்தி வைக்கிறோம். வித்தியாசம் ஒன்றுதான். பாப்பியைக் குத்துகிறவர் ஏன் குத்துகிறோம் என்று தம் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறார். நாம் பெயரை வைத்துவிட்டுக் காரணத்தைச் சொல்லாமல் விட்டுவிடுகிறோம்.

பாப்பி விதையைப் பற்றி முன்பு சொன்னேன். மண்ணைக் கிளறினால் முளைக்கும், கிளறாவிட்டால் உறங்கும். ஆனால் எந்த விதையும் என்றென்றைக்கும் உயிரோடு உறங்காது. ஜப்பான்காரன் காலத்தைக் கண்ணால் கண்டவர்களில் மிகச் சிலரே இன்று நம்மிடையே இருக்கிறார்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்து மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்கும் சிங்கப்பூருக்கும் சிதறிவிட்டார்கள். ஒரே வரிசை வீட்டில் இருந்தபோது ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுப்பார். இப்போது கேட்டால்தான் உண்டு.

நினைப்பதற்கு நமக்கு நாளும் இருக்கிறது. ஆடி அமாவாசை இருக்கிறது. தை அமாவாசை இருக்கிறது. இறந்த திதி தெரியாதவர்களுக்கும் சேர்த்து எள்ளும் நீரும் இறைக்கப் புரட்டாசியில் மகாளய அமாவாசை இருக்கிறது. கிறிஸ்தவ அன்பர்களுக்கு நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாள். பூவும் இருக்கிறது. வேலியோரத்துச் செம்பருத்தி போதும், செண்டுமல்லி போதும். குறைவது பெயர் ஒன்றுதான்.

என் மாணவர்களுக்கு இப்போது ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஐந்து கட்டம் போட வேண்டும். போனவர் பெயர்; எந்தத் தோட்டத்திலிருந்து போனார்; எந்த ஆண்டில்; யாரோடு போனார்; அவர் பெயர் இன்று குடும்பத்தில் யாருக்கு இருக்கிறது. முதல் வாரத்தில் பாதிப் பேர் வெறுங்கட்டத்தோடு வந்தார்கள். இரண்டாம் வாரம் ஒரு சிறுமி, "டீச்சர், எங்க தாத்தா அழுதுட்டாரு, ஆனா மூணு பேரு சொன்னாரு" என்றாள். அவள் நோட்டில் மூன்று பெயர்கள், அவற்றில் ஒன்று அவளுடைய தம்பியின் பெயர். அடுத்த நாள் அந்த ஆறு வயதுப் பையனை வரிசையில் பார்த்தபோது மற்றப் பிள்ளைகள் அவனுக்கு வழிவிட்டு நின்றார்கள்.

நீங்களும் செய்யலாம். இந்த இதழைப் படித்து முடித்ததும் வீட்டில் இருக்கும் வயதானவர் அருகில் உட்காருங்கள். சயாமுக்குப் போனவர், பட்டாளத்தில் சேர்ந்தவர், பஞ்சத்தில் மாண்டவர் யார் யார் என்று கேளுங்கள். முதல் முறை கேட்டால் "அதெல்லாம் எதுக்கு இப்ப" என்பார்கள். இரண்டாம் முறையும் கேளுங்கள். பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு கேளுங்கள். பெயர் கிடைத்தால், அதைப் பிள்ளையின் கையாலேயே எழுத வையுங்கள்.